ஊராக இருந்தவர்

வாரத்தில் ஆறு நாள் வெள்ளைச்சாமி சேலை விரிப்பார். ஏழாவது நாள் ஊராக இருப்பார். இரண்டில் எது அதிகம் அலுப்பு என்று யாராவது கேட்டிருந்தால் சற்றும் யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

தியாகராய நகரில் ஜவுளிக்கடை. கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், நீளமாக ஒரே ஹால். அதில் பாயும் தகரப் பெட்டியுமாகக் கடைப் பையன்கள். 'பையன்' என்பது கடை வழக்கு. நாற்பதைத் தாண்டி, காதோரம் நரைத்துப்போன வெள்ளைச்சாமியும் முதலாளிக்குப் பையன்தான். எல்லோரும் திருநெல்வேலிப் பக்கத்தவர்கள். முதலாளி சண்முகவேலுக்குச் சொந்தம், இல்லையென்றால் சொந்தத்துக்குச் சொந்தம். சாப்பாடு கடைச் செலவில், படுக்கை மேல்மாடியில். வெளியே வீடெடுத்துத் தங்குவதென்றால் முதலாளி சம்மதிக்க வேண்டும். அவர் லேசில் சம்மதிக்கிற ஆள் இல்லை. வேலைக்காரன் தன் கண்ணெதிரே படுத்துக் கண்ணெதிரே எழுந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

முன்பு ஒருமுறை குழாயடியில் யார் வாளி முந்தி என்று தொடங்கிய பேச்சு, ஒருவனுடைய முன்பல்லில் போய் முடிந்தது. அடித்தவன், அடி வாங்கியவன் இருவரையும் முதலாளி அன்றைக்கே ரயில் ஏற்றிவிட்டார். பிறகு வெள்ளைச்சாமியைக் கூப்பிட்டார்.

"மேல்மாடி இனி உம்ம பொறுப்புவே. இன்னொரு சத்தம் கேட்டா உம்மையும் சேத்து ரயில் ஏத்திருவேன்."

எட்டு மணி நேரம் பத்து மணி நேரம் நின்று, வாங்காமல் போகிறவர்களுக்கும் சிரித்துச் சிரித்து, வாய் வலிக்க மேலே வருகிறவர்கள் அவர்கள். ஞாயிற்றுக்கிழமை லீவு வேறு. சும்மா இருக்கிற ஆண்பிள்ளைகளைச் சண்டையில்லாமல் வைத்திருப்பது எப்படி? தாயக்கட்டம் வரைந்து கொடுத்தார் வெள்ளைச்சாமி. அதில் சண்டை இரட்டிப்பானது.

அப்போதுதான் ஒருநாள், காய் வெட்டுப்பட்ட கோபத்தில் தனபாலன் கத்தினான். சட்டைத் துணிப் பகுதியில் நிற்கிற வாயாடி அவன். "நான் மட்டும் மந்திரியா இருந்தேன், ஒரு போன் போட்டு ஒன்னை உள்ள தள்ளிருப்பேன்!"

"எங்கேருந்து போடுவ போனை?" என்று வெள்ளைச்சாமி கேட்டார். சண்டையைத் திருப்புவதற்காகத்தான் கேட்டார். "கோட்டையில இருந்தா, வீட்டுல இருந்தா? வீட்டுல ஒம்பொண்டாட்டி போனை வைக்க மாட்டேங்காளே."

ஹால் முழுக்கச் சிரித்தது. அங்கேயே விளையாட்டு மாறிவிட்டது. தாயக்கட்டத்தை அழித்துவிட்டு, தரையில் சாக்குக்கட்டியால் ஒரு பட்டணம் வரைந்தார்கள். கடைத்தெரு, போலீஸ் ஸ்டேஷன், ஸ்டுடியோ, கடற்கரை, கோட்டை. காலி நூல்கட்டைகள்தான் ஆட்கள். வெள்ளைக் கதர் சுற்றியது மந்திரி. காக்கி சுற்றியது இன்ஸ்பெக்டர். ஜரிகைத் துண்டு சுற்றியது நடிகர். கட்டம் போட்ட லுங்கித் துணி ரவுடி. வெறும் காடாத் துணி சுற்றிய கட்டை சாதாரண ஆள். ஒவ்வொருவனும் ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு அந்த ஆளாகவே பேசவேண்டும், தன் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்லவேண்டும். அது நடந்ததா இல்லையா என்று சொல்வது வெள்ளைச்சாமி. சந்தேகமென்றால் சோழியை உருட்டுவார். மழை, கூட்டம், ரேஷன் கியூ, வராத பஸ், திறக்காத கதவு எல்லாம் அவர்தான். அதனால் அவருக்குக் கட்டை கிடையாது. "ஊர் என்ன சொல்லுது?" என்று அவரைப் பார்த்துக் கேட்பார்கள்.

கேட்பது சுலபம். சொல்லிப் பார்த்தால் தெரியும்.

முதல் மாதம் மந்திரியே ஜெயித்தார். அவர் நினைத்தால் இன்ஸ்பெக்டரை மாற்றுவார், நடிகரின் படத்தை நிறுத்துவார், ரவுடியைச் சுடச் சொல்வார். மற்றவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். சரி, மந்திரி போடும் ஒவ்வொரு போனுக்கும் ஒரு ஆளுக்குக் கடன்பட்டவராகிறார், அந்த ஆள் நேரில் வந்து நின்றால் இல்லையென்று சொல்லக் கூடாது என்றார் வெள்ளைச்சாமி. உடனே நடிகர் தலையெடுத்தார். எங்கே போனாலும் பின்னால் கூட்டம்; கூட்டத்தின் நடுவே இருப்பவனை எந்த இன்ஸ்பெக்டர் தொடுவான்? அந்தக் கூட்டமே நடிகரை டீக்கடைக்குப் போகவிடாது, பஸ்ஸில் ஏறவிடாது, தனியாக யாரோடும் பேசவிடாது என்றார் வெள்ளைச்சாமி. அதன் பிறகு ரவுடி கத்தியை உருவினான். அவனுக்குப் பட்டணத்தில் எவனும் வாடகைக்கு வீடு தரமாட்டான், இருட்டுவதற்குள் படுக்க இடம் தேடவேண்டும் என்று வைத்தார். இப்படி ஒவ்வொரு பலத்துக்கும் பக்கத்திலே ஒரு பசியை உட்கார வைத்தார். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பும். கடையில் சேலை மடிக்கும்போதுகூட இதே யோசனைதான். கொசுவத்துக்கு எத்தனை முழம் என்று கேட்ட மாமியிடம் "இன்ஸ்பெக்டருக்கு என்ன செய்யலாம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட, அந்த அம்மாள் அடுத்த கடைக்குப் போய்விட்டாள்.

ஆனால் சாதாரண ஆளை யாரும் எடுக்கமாட்டார்கள். அந்தக் கட்டை லாசருக்கு என்றே ஆகிவிட்டது. லாசர் மேல்மாடி ஆள் இல்லை. சாந்தோம் கடற்கரைக் குப்பத்துக்காரன். அப்பன் அண்ணன் எல்லாம் கடலுக்குப் போக, இவன் மட்டும் கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவன். ஞாயிறு கோயில் பூசை முடிந்து பஸ் பிடித்து வருவதற்குள் நல்ல கட்டையெல்லாம் போயிருக்கும். ஒருநாள் ரவுடி அவனை வழிப்பறி செய்ய, புகார் கொடுக்கப் போனவனை இன்ஸ்பெக்டர் உள்ளே வைக்க, மந்திரி வந்து அவனிடமே ஓட்டும் கேட்டார். லாசருக்கு நிஜமாகவே ரோஷம் வந்துவிட்டது.

"இன்னாபா இது, அல்லாரும் என்னியே மேஞ்சிக்கினு கீறீங்க! நீங்களே வச்சிக்கினு ஆடுங்க. நான் ஊட்டுக்குப் போறேன்."

கட்டையைப் படுக்க வைத்துவிட்டு எழுந்தே விட்டான். அவன் போனதும் மந்திரிக்கு ஓட்டு இல்லை, நடிகருக்குக் கைதட்ட ஆளில்லை, ரவுடிக்குப் பயப்பட ஆளில்லை. எல்லோரும் பட்டணத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைச்சாமி மாடிப்படி வரை ஓடி லாசரைப் பிடித்து வந்தார். அதையே விதியாக்கினார். சாதாரண ஆள் "வீட்டுக்குப் போறேன்" என்று சொன்னால் எல்லாக் கட்டையும் படுத்துவிடும். ஆட்டம் அதோடு முடிந்தது, யாருக்கும் ஜெயிப்பில்லை. அதன் பிறகுதான் மந்திரி லாசருக்கு டீ வாங்கிக் கொடுக்கத் தொடங்கினார். விளையாட்டு நேராக நின்றது.

இவ்வளவு நியாயமான பட்டணத்தில் ஒரே ஒரு அநியாயம் இருந்தது. மந்திரிக் கட்டை எப்போதும் ராஜரத்தினத்துக்கு. அவன் முதலாளிக்கு மைத்துனன் முறை. யார் லேட், யார் கடை நேரத்தில் சினிமாவுக்குப் போனான் என்பதெல்லாம் அவன் வழியாகக் கீழே போகும். அவன் கை நீண்டால் கதர்க் கட்டையை யாரும் தொடுவதில்லை. அதற்கு மட்டும் வெள்ளைச்சாமி விதி எதுவும் வைக்கவில்லை. அவருக்கும் பயம்தான்.

பயத்துக்குக் காரணம் பங்கஜம். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் ஊரில், இவர் மேல்மாடியில். தீபாவளி, பொங்கலெல்லாம் கடையில் வியாபாரம் குவியும் காலம். அது ஓய்ந்தபின் நாலு நாள், ஐந்து நாள் போய்விட்டு வருவார். குழந்தை இல்லை. அதை ஊரார் அவளிடம்தான் கேட்பார்கள். வருஷத்தில் பத்து நாள் வருகிற புருஷனை ஒருவரும் கேட்பதில்லை. போன தடவை கிளம்பும்போது அவள் அழவில்லை. சோற்று மூட்டையைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "போயிட்டு வாங்க. ஆனா நீங்க போன மறுநாளே ஒங்க மொகம் எனக்கு மறந்துபோவுது. என்ன செய்ய, சொல்லுங்க." ரயிலில் வழி முழுக்க அதுவே அவர் காதில் இருந்தது.

ஆதம்பாக்கத்தில் ஒரு போர்ஷன் காலியாக இருந்தது. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, கிணறு பொது. வீட்டுக்காரர் முதலாளிக்குத் தெரிந்தவர். சண்முகவேல் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தை முடியும் வரை வேறு யாருக்கும் விடமாட்டேன் என்றார். வெள்ளைச்சாமி ராஜரத்தினத்திடம் சொல்லி வைத்தார். சொல்லி வைத்தபின் ஒரு வாரம் காத்திருந்து, காலையில் கல்லாவுக்குச் சூடம் காட்டி முடித்த நல்ல நேரம் பார்த்து, முதலாளி முன்னால் போய் நின்றார்.

"ராசரத்தினம் சொன்னான்வே," என்றார் முதலாளி. "நல்ல வீடுதான். ஆனா இன்னொண்ணும் சொன்னானே. நீரு என்னமோ வெளையாட்டுக் கட்டி வச்சிருக்கீராம். அன்னையிலேருந்து மேல ஒரு சத்தம் கெடையாதாம். எனக்கும் தெரியுமே, எத்தன வருசமாச்சு ஒரு பஞ்சாயத்து வந்து! உம்மை வெளிய விட்டுட்டு நான் யாரை வச்சு அதுகளைக் கட்டி மேய்க்க?"

"மொதலாளி, வீட்டுல ஒத்தையில..."

"இருக்கட்டும், பாப்போம்" என்று சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டார். அவர் அகராதியில் 'பாப்போம்' என்றால் இல்லை.

அன்று பகல் முழுக்க வெள்ளைச்சாமி சேலை விரித்தார். அவருக்கு ராஜரத்தினம் மேல்கூடக் கோபம் வரவில்லை. அவன் பொய் சொல்லவில்லையே, புகழ்ந்துதானே சொல்லியிருக்கிறான்! தன்மேல்தான் வந்தது. எல்லார் பலத்தையும் எடை போட்டு நிறுத்தியவர், தன்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தினோம் என்று பார்க்கவில்லை. ஊருக்குக் கட்டை கிடையாது. கட்டை இல்லாதவன் எங்கே போவான்?

சனிக்கிழமைக்குள் ஒரு முடிவுக்கு வந்தார். விளையாட்டைக் கெடுத்துவிடுவது. சண்டை வரட்டும், சத்தம் கீழே கேட்கட்டும், இவனால் ஒன்றும் ஆகாது என்று முதலாளிக்குத் தெரியட்டும்.

ஞாயிறு பிற்பகல் பட்டணம் வரைந்தாயிற்று. வெள்ளைச்சாமி சுவரில் சாய்ந்து, வலிக்கிற முழங்காலை நீட்டி உட்கார்ந்தார். மந்திரி இன்ஸ்பெக்டரை மாற்றச் சொன்னார். "மாத்தியாச்சு" என்றார். சோழியே உருட்டவில்லை. மந்திரி நடிகரின் படத்தை நிறுத்தினார். "நின்னுபோச்சு." கடன்பட்ட ஆட்கள் வாசலில் நிற்கிறார்களே என்று தனபாலன் நினைவூட்டினான். "அவனுக எல்லாம் போயிட்டானுவ" என்றார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளைச்சாமி சண்டைக்காகக் காத்திருந்தார்.

சண்டைக்கு வந்தது ராஜரத்தினம்தான். "என்ன அண்ணாச்சி, இப்படிச் சொல்லுதிய? சோழி எங்க? நாஞ் சொன்னதெல்லாம் அப்படியே நடந்தா இதுல என்ன இருக்கு?"

"நீதான மந்திரி. ஒனக்கு நடக்கட்டும்."

"எனக்கு வேண்டாம். நியாயமா ஜெயிக்கதுதான் ருசி. கீழ கடையில எனக்கு எல்லாம் சும்மாவே நடக்குது, அதுல ஒரு மண்ணும் இல்லை."

வெள்ளைச்சாமிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஊராக உட்கார்ந்து உட்கார்ந்து பழகிய முகம் உடைந்துவிட்டது. ஆதம்பாக்கம், பங்கஜம், முதலாளி சொன்ன பதில், எல்லாவற்றையும் கொட்டினார். "ஒங்க சண்டையைத் தீத்துத் தீத்து எம்பொழைப்பு தீந்துபோச்சுவே. நான் களைச்சுப்போனேன்" என்றார். மேல்மாடியில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்ததே இல்லை.

லாசர்தான் மெல்ல ஆரம்பித்தான். "அண்ணாத்தே, சாதாரண ஆளுக்கு ஒரு ரூல் வச்சிக் குடுத்தியே. அத்த நீ சொல்லிட்டுப் போய்க்கினே இரு."

"அது வெளையாட்டுல லாசரு. நெசத்துல நான் போனா ஒரு கட்டையும் படுக்காது. அடுத்த ரயில்ல வேற ஆள் வந்துருவான்."

ராஜரத்தினம் கையிலிருந்த கதர்க் கட்டையை உருட்டிக்கொண்டே இருந்தான். நல்லது செய்வதாக நினைத்துத்தான் கீழே அப்படிப் புகழ்ந்து வைத்தான். இப்போது அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கடைசியில் கட்டையைத் தனபாலன் முன்னால் வைத்தான்.

"நகருங்க அண்ணாச்சி. நான் ஊரா இருக்கேன்."

"அப்ப ஒனக்குக் கட்டை கெடையாது. இனி எப்பவும் மந்திரி ஆவ முடியாது" என்றார் வெள்ளைச்சாமி.

"தெரியும்."

மறுநாள் அவனே முதலாளியிடம் போய் மேல்மாடிக்கு நான் பொறுப்பு என்றான். முதலாளி நம்பவில்லை. பொங்கல் வியாபாரம் முடியட்டும், அதுவரை இவன் எப்படி வைத்துக்கொள்கிறான் என்று பார்க்கிறேன் என்றார். ஒரு சத்தம் கேட்டாலும் வீட்டுப் பேச்சை மறந்துவிடவேண்டும்.

ராஜரத்தினம் ஊராக இருந்த லட்சணத்தை என்னவென்று சொல்வது! எதற்கெடுத்தாலும் மழை பெய்ய வைத்தான். பிடிக்காதவனுக்குப் பஸ் வராது. சோழியை உருட்டிவிட்டு அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். காடாத் துணிக் கட்டை இப்போது வெள்ளைச்சாமிக்கு; புது ஆளுக்கு அதுதான் என்று லாசர் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு, ஜரிகைக் கட்டையோடு காலைத் தூக்கிக் கால்மேல் போட்டுக்கொண்டான். ஒவ்வொரு தப்புத் தீர்ப்புக்கும் வெள்ளைச்சாமியின் நாக்கு துடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வழிப்பறி கொடுப்பார், கியூவில் நிற்பார், ஓட்டுப் போடுவார். ஒன்றையும் தீர்மானிக்காமல் உட்கார்ந்திருப்பது அவருக்குப் புதுசு. முதுகு கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது.

பொங்கல் முடிந்த முதல் ஞாயிறு. தனபாலன் மந்திரி. பட்டுச்சேலைப் பகுதியில் நிற்கும் ஜவஹர் ரவுடி. தேர்தலுக்கு ஆள் அனுப்பினால் காப்பாற்றுகிறேன் என்று சொன்ன மந்திரி, ஜெயித்ததும் போன் போட்டு ரவுடியைப் பிடித்துக் கொடுத்தார். ஜவஹர் கட்டையை விட்டுவிட்டு எழுந்தான்.

"நெசத்துலயும் நீ இப்படித்தான்வே! வியாழக்கிழமை நான் அரை மணி நேரம் வெயர்க்க வெயர்க்கப் பட்டு விரிச்சுக் காட்டின பார்ட்டிய, பில் போடுத நேரத்துல வந்து ஒம்பக்கம் இழுத்துட்டுப் போனயே!"

"வாங்குறவன் வாங்குவான். ஒனக்கு விக்கத் தெரியல."

சட்டையைப் பிடித்துவிட்டார்கள். ராஜரத்தினம் சோழியைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன சொல்வதென்று தெரியாமல், வெள்ளைச்சாமியைப் பார்த்தான்.

வெள்ளைச்சாமிக்கு வேறொன்றும் கேட்டது. மாடிப்படியில் முதலாளியின் தோல்செருப்பு கிரீச்சிடுகிறது. சரக்குப் பார்க்க வந்தவர் சத்தம் கேட்டு ஏறுகிறார். அந்தச் செருப்புச் சத்தத்துக்கு இத்தனை வருஷம் எழுந்து நின்ற காது, தப்பாது. தீர்ப்பு அவர் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்தால், வெள்ளைச்சாமி இல்லாமல் மேல்மாடி நடக்காது என்று முதலாளி கண்ணால் பார்த்துக்கொள்வார். சொல்லாவிட்டால் இன்னொரு பல் விழும். பங்கஜம் சோற்று மூட்டை கட்டுகிற கை கண்ணில் தெரிந்தது.

குனிந்து காடாத் துணிக் கட்டையைப் படுக்க வைத்தார்.

"நான் வீட்டுக்குப் போறேன்" என்றார்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் விதி விதிதான். லாசர் ஜரிகைக் கட்டையைப் படுக்க வைத்தான். காக்கி படுத்தது. ஜவஹர் பிடித்த சட்டையை விடாமலே கீழே பார்த்தான். ரவுடிக்கு மிரட்ட ஆளில்லை. தனபாலனுக்கு ஓட்டு இல்லை. கை தானாகத் தளர்ந்தது. ஒருவன் களுக்கென்று சிரித்தான். ராஜரத்தினம் அப்போதுதான் மூச்சு விட்டு, "ஆட்டம் முடிஞ்சுது. ரெண்டு பேரும் உக்காருங்க. வியாழக்கிழமை பில்லு ஜவஹரோடது, நாளைக்கு நான் மாத்தி எழுதச் சொல்லுதேன்" என்றான். ஊராகி அவன் சொன்ன முதல் நல்ல தீர்ப்பு அது.

வாசலில் முதலாளி நின்றிருந்தார். எவ்வளவு பார்த்தார், எவ்வளவு கேட்டார் என்று ஒருவருக்கும் தெரியாது.

"யாருவே அது, வீட்டுக்குப் போறேங்கது?"

வெள்ளைச்சாமி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நாந்தான் மொதலாளி."

முதலாளி ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார். தரையில் படுத்துக் கிடக்கும் கட்டைகளையும், உட்கார்ந்திருக்கும் ஆட்களையும், நடுவில் சோழியோடு இருக்கும் மைத்துனனையும் பார்த்தார்.

"சரி. போயிட்டு வாரும். தெனம் காலையில கடை தெறக்கதுக்கு முன்ன வந்திரணும்."

செருப்புச் சத்தம் கீழே இறங்கிப் போனது. எல்லோரும் வெள்ளைச்சாமியையே பார்த்தார்கள். லாசர் அவருடைய பெட்டியை அப்போதே எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். ஊருக்குத் தந்தி அடிக்க வேண்டும், ஆதம்பாக்கத்துக்குப் போய்ச் சாவி வாங்க வேண்டும், ஒரு அடுப்பு வாங்க வேண்டும். அவரோ சாதாரண ஆளின் கட்டைக்குப் பக்கத்திலேயே மறுபடி உட்கார்ந்து, கொஞ்ச நேரம் அழுதார்.